நியாயமான ஒருவர்

வெலிங்டனில் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குள்
கம்பளம் விரித்திருக்கிறார்கள்.
யார் நடந்தாலும் ஓசையில்லை.
மூன்று நீதிபதிகள், ஒரு ஜாடித் தண்ணீர்,
பின்வரிசையில் நான்.
ப்ளஃப் துறைமுகத்தில் சிப்பி உடைக்கும் கொட்டகையிலிருந்து
இரண்டு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்தவள்.

லாக்லன் மெக்கெய்ப் திரையில் இருக்கிறான்,
சிறையிலிருந்து.
முடி வெட்டியிருக்கிறான்.
படம் அடிக்கடி உறைந்துபோகிறது,
அவன் வாய் திறந்தபடி.

அவனுக்கு ஏழு ஆண்டு.
க்ரெய்க் டன்ஸ்மோருக்கு நாலரை.
க்ரெய்க் முதலிலேயே ஒப்புக்கொண்டான்;
வேறொரு நீதிபதி, வேறொரு மாதம்.
"ஒரே கார், ஒரே இரவு, ஒரே குற்றம்" என்கிறார் வழக்கறிஞர்,
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.
"கட்டியவனுக்குக் குறைவு, ஓட்டியவனுக்கு அதிகம்.
என் கட்சிக்காரரின் மனக்குறையில் நியாயம் இருக்கிறது."

மனக்குறை.
இந்தத் தட்டில் ஒருவன், அந்தத் தட்டில் ஒருவன்.
தராசு ஆடி ஆடி நிற்பதை
ஓரமாக உட்கார்ந்து பார்க்கிறேன்.

அண்ணன் ஹாமிஷ் வாங்கிய கடனுக்கு
நான் பின்பெட்டியில் கிடந்தது பதினோரு மணி நேரம்.
கோப்பில் அதற்குப் பெயர் "நீடித்த காலம்".
எனக்கு அது உதிரி டயர்,
ஈரநாய் நாற்றமடிக்கும் போர்வை,
கோர் தாண்டியதும் தொடங்கிய கல்சாலை.

கோப்பில் ஏறாதது ஒன்று உண்டு.
கட்டிய க்ரெய்க்,
விரல் மரத்துவிட்டதா என்று கேட்டான்.
ஒரு முடிச்சைத் தளர்த்தினான்.
ஓட்டிய லாக்லன்,
பெட்ரோல் பங்கில் நான் உதைத்தபோது
ரேடியோவைச் சத்தமாக வைத்தான்.
ரக்பி வர்ணனை.
சவுத்லாண்ட் தோற்றுக்கொண்டிருந்தது.

போலீஸிடம் ஏன் சொல்லவில்லை?
அவர்கள் கேட்டது கயிற்றின் நிறம்.
நீலம்.

நடுவில் இருப்பவர் இருமிவிட்டுச் சொல்கிறார்:
"வெளியிலிருந்து பார்க்கும் நியாயமான ஒருவர்,
விவரமெல்லாம் அறிந்தவர்,
எங்கோ பிசகிவிட்டது என்று நினைப்பாரா?
கேள்வி அவ்வளவுதான்."
நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.
வெளியிலிருந்துதான் பார்க்கிறேன்.
விவரமும் அறிவேன்.
ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை.
அந்த ஒருவருக்கு
மணிக்கட்டு இருக்கக்கூடாது போலும்.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது.
சிப்பிக் கத்தியாலேயே உறையைக் கிழித்தேன்.
ஏழு, ஐந்தே முக்கால் ஆகியிருந்தது.
சரிதானே என்று
ஒரு கணம், ஒரே ஒரு கணம், தோன்றியது.
அந்தக் கணத்தின் மேல்தான் எனக்குக் கோபம்.
நானாக இருந்தால்
முடிச்சுக்கு எத்தனை மாதம் கழித்திருப்பேன்,
ரேடியோவுக்கு எத்தனை கூட்டியிருப்பேன்?
கை ஈரம். தாளில் எழுத்து கரைந்தது.

வேலை முடிந்து கிளம்பும்போது
மேஸ்திரி வெண்டி ஒரு மூட்டை சிப்பி கொடுத்தாள்,
"பின்னால் போட்டுக்கொள்" என்று.
முன்சீட்டில் வைத்தேன்.
பெல்ட் மாட்டினேன்.
வழியெல்லாம் கடல்தண்ணீர் சொட்டியது.