டியூபாவுக்கும் பொம்மைப் பியானோவுக்கும் இரண்டு நிமிடம்

இஸ்மேனியா கேட்டது இரண்டே நிமிடம்.
"அதற்கு மேல் போனால் பிள்ளைகள்
நாற்காலியை விட்டு இறங்கிவிடுவார்கள்."
மேசைமேல் அவள் வைத்த பியானோ
ரொட்டிப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது.
இருபத்தைந்து கட்டைகள்.
சிவப்புப் பூச்சிலிருந்து புகை வாசம் இன்னும் போகவில்லை.

மழலையர் பள்ளிச் சமையலறை எரிந்த ஜூலையில்
தீயணைப்புத் தண்ணீர் எல்லாவற்றையும் காப்பாற்றிவிட்டு
இதன் ஒரு கம்பியை மட்டும் பிடுங்கிக்கொண்டு போயிருந்தது.
நடு 'லா'வை அழுத்தினால்
டொக்.
மரம் மரத்தைத் தொடும் சத்தம், அவ்வளவுதான்.

மறுபக்கம் ரெமிஹியோ.
அன்றைக்குக் குழாய் பிடித்தவன்,
படையின் பேண்டில் டியூபா வாசிப்பவன்.
வாத்தியத்தை மடியில் ஏற்றினால்
தெரிவது இரண்டு காதும் ஒரு தொப்பியும்.
அவளுக்கு நன்றி சொல்லியே ஆகவேண்டும்.
அவனுக்கு நன்றியை வாங்கிக்கொள்ளத் தெரியாது.
சேர்ந்து வாசிக்கட்டும் என்று யாரோ சொல்லப்போய்
என் தலையில் விழுந்தது.

ஐந்து நாள் தாளைக் கெடுத்தேன்.
டியூபா வாயைத் திறந்தாலே
பேருந்துக்குப் பின்னால் நிற்கும் குழந்தையாய்
பியானோ காணாமல் போகிறது.
மெல்ல என்று எழுதினேன். இன்னும் மெல்ல.
அதைவிடவும்.
ஆறாம் நாள், புன்ட்டா அரெனாஸில் வழக்கமான காற்று.
தெருமுனைக் கயிற்றைப் பிடித்தபடி
ரொட்டி வாங்கப் போகையில்
காற்று என் பையின் வாய்க்குள் புகுந்து
சுரமே இல்லாமல் ஊதியது.
வந்து எழுதினேன்:
டியூபா, சுரம் வேண்டாம், வெறும் மூச்சு, எட்டு மாத்திரை.
அதன்மேல் பியானோ நடக்கலாம்.

டொக்கையும் நான் விடவில்லை.
பன்னிரண்டு இடத்தில் செத்த 'லா'வை அழுத்தச் சொன்னேன்.
பன்னிரண்டிலும் டியூபாவுக்கு மௌனம்.
இத்தனை வருடம் எழுதியதில்
உருப்படியானவை இந்தப் பன்னிரண்டு ஓட்டைகள்தான் என்று
எனக்குள்ளேயே கொஞ்சம் பீற்றிக்கொண்டேன்.

வாசிக்கும் நாள், அரை மணி முன்னால்,
இஸ்மேனியா கட்டைகளைத் துடைக்கிறாள்.
டிங்.

ரெமிஹியோ இரண்டு கைகளையும் பின்னால் மறைத்தான்.
நேற்றிரவு நிலையத்தில் பற்றவைத்திருக்கிறான்,
சைக்கிள் சக்கரத்தின் ஆரக்கம்பி ஒன்றை வெட்டி.
"பாவம், ஊமையாக இருந்தது" என்றான்.

அதுவும் 'லா' இல்லை.
'லா'வுக்குக் கீழே, 'சோல்' என்பதற்கு மேலே,
பெயர் வைக்காத ஒரு பிள்ளை.
அழிப்பானைத் தேடினேன். பையில் இல்லை.
பூட்ஸ் சத்தத்தோடு பிள்ளைகள் வந்துவிட்டார்கள்.

முதல் டொக் வரவேண்டிய இடத்தில் டிங் வந்தது.
ஒருத்தி சிரித்தாள்.
இரண்டாவது. மூன்றாவது.
நான் சுவரில் ஒட்டியிருந்த காகிதப் பென்குவினைப் பார்த்தேன்.
நான்காவதில்,
சும்மா இருக்கவேண்டிய டியூபா
உதட்டைத் தளர்த்திக்கொண்டு
அந்தப் பெயரில்லாததைத் தேடிக் கீழே இறங்கியது.
தாண்டிப் போனது. திரும்ப ஏறியது.
ஏழாவதில் பிடித்துவிட்டது.
அவ்வளவு பெரிய பித்தளை
ஓர் ஆரக்கம்பிக்குக் குனிந்து.
எங்கே இது முடிகிறது, எங்கே அது தொடங்குகிறது,
எழுதிய எனக்குத் தெரியவில்லை.
இஸ்மேனியா தலையைத் தூக்கவில்லை,
கட்டையிலிருந்து விரலையும்.

இரண்டு நிமிடம் ஐம்பது விநாடி ஆனது.
எந்தப் பிள்ளையும் இறங்கவில்லை என்று சொல்ல ஆசைதான்.
நாலைந்து பேர் இறங்கிவிட்டார்கள்.
ஒருவன் டியூபாவின் வாய்க்குள் தோள்வரை கையை விட்டு
எதையோ துழாவிக்கொண்டிருந்தான்.

கூலி, ருபார்ப் ஜாம், இரண்டு பாட்டில்.
ஒன்றைத் திறந்து கரண்டியோடு வைத்துக்கொண்டு
தாளின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.
பன்னிரண்டு மௌனத்தையும் அடித்தாயிற்று.
அங்கே வைக்க,
ஐந்து கோட்டில் அந்தச் சுரத்துக்கு உட்கார இடமில்லை.
வேறு ஊரில் வேறு யாராவது வாசித்தால்
என்ன செய்வார்களோ.
கடைசியில் பென்சிலால், வார்த்தையிலேயே எழுதினேன்:
"கம்பி எங்கே இருக்கிறதோ, அங்கே போ."