படைக்கலம், எண் பதினேழு

தேர்தல் தேதி அறிவித்த மறுநாள்
எழுமலை ஸ்டேஷனுக்குத்
துப்பாக்கிகள் வரத் தொடங்கும்.
எக்ஸெல் வண்டியின் பின்சீட்டில்,
கோரைப்பாயில் சுருட்டி,
ஒன்று மட்டும் கல்யாணப் பட்டு வந்த பெட்டியில்.

அட்டையில் எண் எழுதி
விசை வளையத்தில் சணல் கட்டுவது
ரைட்டர் என் வேலை.
ஒற்றைக்குழல் இருபத்தாறு. இரட்டை ஒன்பது.
அதில் ஒன்றின் வாய்க்குள் குளவிக்கூடு.
டெல்லியில் எழுதிய சட்டத்தை
யாரோ விறைப்பாகத் தமிழாக்கியதில்
இதெல்லாம் 'படைக்கலம்'.

எதிர்த்த டீக்கடை மூக்கன் சிரிப்பான்:
"வெட்டுறவன் எல்லாம் ஒங்ககிட்ட
சீட்டு வாங்கிட்டா வெட்டுறான்?"

சரிதான்.
அதே மாதம் என் பேனா எழுதியது
அரிவாள் மூன்று,
கறிக்கடைக் கத்தி ஒன்று.
அப்புறம் மலையடிவாரத்தில்
எந்தப் பட்டியலிலும் இல்லாத,
மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி
பன்றிக்கு வைத்த குறியில்
விறகுக்குப் போன சுருளியின் தொடையைக் கிழித்தது.
செக்கானூரணி தாண்டுமுன்
ஆம்புலன்சிலேயே முடிந்துவிட்டான்.
அவனுக்கு உங்கள் சட்டம் என்ன செய்தது
என்று அவன் பெண்டாட்டி கேட்டால்
என்னிடம் பதில் இல்லை.

ஆனால் பதினேழு.

பதினேழு பேக்காமனுடையது.
ஓட்டுப்போட நாலு நாள் இருக்கையில்
இரவு பதினொன்றரைக்கு வந்தான். காலில் செருப்பில்லை.
"பன்னி எறங்கிருச்சு ரைட்டரம்மா,
ஒரு ராத்திரிக்குக் குடுங்க."
அவன் தோட்டம் அப்போது தரிசு.
பன்றிக்குத் தின்ன அங்கே ஒன்றுமில்லை என்று
எனக்குத் தெரியும்.
எனக்குத் தெரியுமென்று அவனுக்கும் தெரியும்.
அன்று காலைதான், கிணற்றுப் பங்குத் தகராறில்,
அண்ணன் மொக்கராசு மோட்டார் வயரை அறுத்திருந்தான்.

"சாவி இன்ஸ்பெக்டர்கிட்ட" என்றேன்.
சாவி என் மேசை இழுப்பறையில் கிடந்தது,
இருமல் மாத்திரைக்குப் பக்கத்தில்.

பெஞ்சில் உட்கார்ந்தான்.
தண்ணீர் கேட்டான், ரெண்டு சொம்பு.
கொசு அடித்துக்கொண்டே இருந்தான்.
ஒன்றரைக்கு எழுந்து
"பன்னி போயிருக்கும்" என்றான்.

வீட்டில் அரிவாள் இல்லையா? இருந்தது.
எல்லா வீட்டிலும் இருக்கிறது.
அரிவாளுக்கு
அண்ணன் வாசல்வரை நடக்க வேண்டும்,
நாய் குரைக்கும்,
மதினி லைட்டைப் போடுவாள்,
முகம் தெரிந்துவிடும்.
குழலுக்கு வரப்பிலிருந்தே போதும்.

மாதக் கணக்குப் படிவத்தில்
இதற்குக் கட்டம் இல்லை.
மூக்கனிடம் சொன்னேன்.
"ஒரு ராத்திரிதானக்கா" என்றான்.
நண்டுவளை நூறு கிடக்கென்று
கண்மாய்க்குக் கரை வேண்டாம்பியா
என்று கேட்க வாயெடுத்தேன்.
பஸ் வந்துவிட்டது, அவன் டம்ளர்களை அடுக்கப் போனான்.

எண்ணிக்கை முடிந்த வாரம்
பதினேழைத் திருப்பிக் கொடுத்தேன்.
சணலை அவிழ்க்கையில் அவன் என்னைப் பார்க்கவில்லை.
கையெழுத்து நெளிந்திருந்தது.
அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை.
இவ்வளவுதானா,
சில வாரம் கட்டிவைத்த சணல்?

கிணற்று வழக்கு
உசிலம்பட்டி முன்சீப் கோர்ட்டில் இன்னும் நடக்கிறது.
வாய்தாவுக்கு வாய்தா
ஒரே பஸ்ஸில் வந்து
முன்சீட்டில் ஒருவன், கடைசி சீட்டில் ஒருவன்.
பேர் சொல்லிக் கூப்பிட்டால்
இரண்டு பேரும்
"ஆஜர்" என்கிறார்கள்.