புள்ளி எட்டு

கிட்டின் விலை இரண்டாயிரத்து நானூற்று எண்பது வெள்ளி.
பொருத்துக்கூலி தனி.
காரின் சிஓஇ முடியப் பத்தொன்பது மாதம்,
கிட்டின் உத்தரவாதமோ இருபத்துநான்கு.
"காரைவிட பிரேக்குக்கு ஆயுசு கெட்டி" என்று
பூன் கெங் சிரித்தார், காக்கி புக்கிட் நாலாம் மாடியில்
சரிவுப்பாதை திரும்பும் மூலைக்கடையில்.
நான் சிரிக்கவில்லை. வகுத்துக்கொண்டிருந்தேன்.
மாதம் நூற்று முப்பது,
ஒரு பழைய காரின் பின்சக்கரத்துக்கு.

பகலில் எனக்கு லோயாங்கில் வேலை.
விமானப் பாகங்களை அளக்கிறேன்.
மயிரிழையில் பத்திலொரு பங்கு பிசகினாலும்
சிவப்புச் சீட்டு ஒட்டிக் கூடையில் போடுகிற கை இது.
நாலு துளை போட்ட அலுமினியத் துண்டு ஒன்றுக்கு
இவ்வளவா?

மைலோ பெட்டி அட்டையில் வெட்டினேன் முதல் பிராக்கெட்டை.
பழைய டிரம்மைக் கழற்றிய இடத்தில் வைத்துப் பார்த்தேன்,
சட்டைத் துணியைத் தோளில் வைத்துப் பார்ப்பதுபோல.
தொழிற்சாலை வெட்டுத்துண்டு, எடைக்கணக்கில், அறுபது வெள்ளி.
மில்லிங் இயந்திரம் ரிதுவானுடையது,
சனிக்கிழமை மட்டும், தொழுகை முடிந்து அவன் வரும்வரை.
காலிப்பர் இரண்டும் உடைத்த காரிலிருந்து,
துருவும் விலையும் சேர்த்துப் பேசி வாங்கியவை.

முதல் துண்டில் துளை இடம் மாறியது.
இரண்டாவதில் காலிப்பர் சக்கர விளிம்பைத் தொட்டது.
மூன்றாவது
'டக்' என்று அமர்ந்தது.
அந்தச் சத்தத்துக்காக
இன்னும் மூன்று சனிக்கிழமை கொடுத்திருப்பேன்.

திங்களன்று பாசிர் ரிஸ் ரயிலில்
நிற்க இடமின்றி, கைப்பேசியில் கணக்குப் போட்டேன்.
கிட்டில் உள்ள பிஸ்டன் முப்பத்துநாலு மில்லிமீட்டர்.
என்னுடையது முப்பத்தெட்டு.
நாலு மில்லிமீட்டர்தான். ஆனால் பரப்பு
விட்டத்தின் வர்க்கமாயிற்றே:
கால்பங்கு கூடுதல் பிடி.
நல்லதுதானே என்று தாம்பினீஸ் வரை நினைத்தேன்.

நல்லதில்லை.
மழையில், தீவு விரைவுச்சாலையில்,
முன்சக்கரம் இன்னும் உருளும்போதே
பின்சக்கரம் பூட்டிக்கொண்டால்
கார் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்,
வந்த வழியைப் பார்க்கும்.
பின் பிரேக் என்பது
முன் பிரேக்கைவிடக் கொஞ்சம் குறைவாகவே
பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டியது.
நான் பிராக்கெட்டை அளந்தேன், மூன்று முறை.
எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதை
ஒருமுறைகூட அளக்கவில்லை.

அலுவலகத்தில் யாரும் பார்க்காத நேரம்
என் துண்டில் நானே சிவப்புச் சீட்டை ஒட்டினேன்.

கிட் வந்தது. நுரைப்பஞ்சுப் படுக்கை,
பிளாஸ்டிக் உறையில் சான்றிதழ், முத்திரை.
பூன் கெங் பொருத்தினார். நான் கோப்பி ஓ வாங்கி வந்தேன்.
சக்கரத்தைக் கையால் சுழற்றினார்.
'ஸ்ஸ்... ஸ்ஸ்...' என்று எங்கோ ஒரு உரசல்.
"ஓடினால் சரியாகிவிடும்" என்றார்.
எத்தனை பேர் இப்படிச் சொல்லிக்
கூடையில் விழுந்த பாகங்களை நான் பார்த்திருக்கிறேன்.

கைப்பையிலிருந்து ஃபீலர் கேஜை எடுத்தேன்.
(ஆமாம், கைப்பையில்தான் இருக்கும்.)
டிஸ்க்கின் உட்பக்கம் நெருக்கம், வெளிப்பக்கம் தாராளம்.
காலிப்பர் நடுவில் இல்லை.
புள்ளி எட்டு மில்லிமீட்டர் உள்ளே தள்ளி நிற்கிறது.
இரண்டாயிரத்து நானூற்று எண்பது வெள்ளியிலும்
யாரோ ஒருவருடைய அவசரச் சனிக்கிழமை இருந்திருக்கிறது.

மறுவாரம் ரிதுவானின் இயந்திரத்தில்
நாலு எஃகு வாஷர். வேறெதுவும் இல்லை.
பக்கத்துக்கு இரண்டு,
நகத்தைவிடச் சற்றே கனம்.
பூன் கெங் ஒன்றை விளக்கொளியில் தூக்கிப் பார்த்தார்,
ஏதும் சொல்லாமல் போட்டு முறுக்கினார்.
சுழற்றினார்.
உரசல் இல்லை.

சோதனை நிலையத்தில் அதிகாரி
சான்றிதழைப் பார்த்தார், எண்ணை ஒப்பிட்டார்,
உருளையில் ஏற்றி அழுத்தச் சொன்னார்.
அழுத்தினேன்.
இடம் வலம் இரண்டும் ஒரே அளவு காட்டின.
"நல்ல கிட்" என்றார்.

தலையாட்டினேன்.
வெளியே வந்து முதல் சிவப்பு விளக்கில்
தேவையைவிடக் கொஞ்சம் முன்னதாகவே
மிதித்தேன்.