மூன்றாம் அறிவித்தல்

முதல் இரண்டையும் கறையான் வாசித்து முடித்திருந்தது.
மூன்றாவதை ஒட்டக் கதவில்லை;
நிலையில் பசை தடவி அழுத்தினேன்.
பதினான்கு நாட்களுக்குள் வளவைத் துப்புரவாக்காவிடில்
சபை பொறுப்பேற்குமாம்.
எதை என்று எழுதியவருக்கும் தெரியாது.

மல்லாவிக்கு அப்பால், ஆறாம் யூனிற், இலக்கம் நாற்பத்தொன்று.
சமாதான காலத்தில் கட்டிய வீடு.
கூரைத் தகரத்தைக் கழற்றி உழவு மெசினில் ஏற்றிக்கொண்டு
கிழக்கே போனவர்கள்.
குசினிக்குள் ஈச்சம்பற்றை,
தண்ணித் தொட்டியில் நுளம்புக் குடம்பி.
படம் எடுத்தேன், டெங்குக் கோப்புக்கு.

உரிமையாளர் எங்கே? படிவத்தில் நான்கு கட்டம்:
உள்ளூர், வெளிமாவட்டம், வெளிநாடு, இறப்பு.
செல்லையா ஞானசீலன்
ஒன்றுக்குள்ளும் நிற்கவில்லை.

வேலிப் பொட்டுக்குள்ளால் புவனலோஜினி வந்தா,
ஒரு கையில் கத்தி, மற்றதில் சுருட்டிய காசு.
"பத்தையை நான் வெட்டுறன். நிலுவை எவ்வளவு?"
நீங்கள் ஆர் அவருக்கு?
"எல்லைக் கல்லுக்கு இஞ்சால இருக்கிற ஆள்."

ஆறு வருசம், தண்டத்தோடு ஆயிரத்து எண்ணூறு.
பற்றுச்சீட்டுப் புத்தகத்தில் காபனை நகர்த்தினேன்.
"அவன்ர பேரிலயே எழுதுங்கோ.
பேருக்கு முன்னால ஒண்டும் போடாதேங்கோ."

'திரு' என்றுகூடப் போடவில்லை.

கந்தோரில் கேட்டார்கள், ஆள் அகப்பட்டாரா?
வரி கட்டியிருக்கு, என்றேன்.
வெறும் வீட்டுப் பட்டியலில்
நாற்பத்தொன்று இந்த வருசத்துக்கு வெட்டுப்பட்டது.

வெள்ளிக்கிழமை திரும்பவும் போகவேணும்,
தொட்டிக்குள் விட
சோடாப் போத்தலில் ஐந்து கப்பி மீன்.