காலி வண்டி எடை

வேலந்தாவளம் சோதனைச்சாவடிக்கு இப்பால்
எடைமேடை அறையில்
ஞாயிறு இரவுகளில் நாங்கள் நாலு பேர்.
லாரி வந்தால் நான் எழுந்து போவேன்.
திரும்பும்வரை ஓநாய்மனிதர்கள்
ஓங்கிய நகத்தோடு காத்து நிற்பார்கள்.

எடைச்சீட்டின் முதுகில் குகையின் வரைபடம்.
புளியங்கொட்டைகள்தான் எதிரிகள்.
இருபது முகப் பகடை ஒன்றே ஒன்று,
ஷிஜிலா கொச்சியில் வாங்கியது.
எதிர்ப்புறம் நிற்கும் ஆம்புலன்ஸில் அவளுக்கு வேலை,
ஆட்டத்தில் மந்திரக்காரி.

ஐந்தாம் படி ஏறிய அன்று
ஒரே தீக்கோளம்.
பதினொரு புளியங்கொட்டைகளையும்
வழித்துக் கையில் எடுத்துக்கொண்டு
"அடுத்தது எந்தா?" என்றாள்.
உருவிய வாள் உருவியபடி இருக்க
நாச்சிமுத்து மிக்சரில் கடலை பொறுக்கினான்.
காயம்பட ஆளில்லாமல்
பெனடிக்ட்டின் வைத்தியன் கொட்டாவி விட்டான்.

விதி எழுதுகிறவன் நான்.
வாரம் முழுக்க அடித்து அடித்து எழுதினேன்.
தீயின் அகலத்தைக் குறைத்தேன்,
ஓநாய்கள் நெருக்கியடித்து நின்று செத்தன.
கற்பூரம் இல்லாமல் தீ இல்லை என்றேன்,
கதைக்குள் இருந்த சந்தைக்குப் போய்
மூட்டையாக வாங்கி வந்தாள்.
வாளுக்கு வலு கூட்டினேன்,
பெனடிக்ட் முறைத்தான்.

புதன்கிழமை, தவிட்டு லாரி ஒன்று
காலியாக மேடை ஏறியபோதுதான் உறைத்தது.
சரக்கை அறிய
முதலில் வெறும் வண்டியை நிறுக்க வேண்டும்.
மந்திரம் தீர்ந்த மந்திரக்காரியை
நான் ஒருநாளும் நிறுத்துப் பார்த்ததில்லை.
சண்டைக்குச் சண்டை அவளைத் தூங்கவிட்டு
தொட்டி நிரப்பி அனுப்பியது
நானேதான்.

புது விதி: குகைக்குள் தூக்கம் கிடையாது.

மூன்றாம் அறையில் அவளிடம் மிச்சம்
ஒரே மந்திரம்,
அதுவும் விளக்கேற்றுவது.
பகடையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு
முதல்முறையாக உருட்டாமல் இருந்தாள்.
"நாச்சிமுத்து, இனி உன் ஆட்டம்" என்றேன்
விதி பலித்த மிதப்பில்.
"வாள் தீராதில்ல?"

நாசிக் வெங்காயத்தோடு
ரெண்டு ராத்திரி முழித்து வந்திருந்தான்.
"வாள் தீராதுடா,
அதைத் தூக்குற கை?" என்றவன்
வரைபடத்தின்மேல் கன்னம் வைத்தான்.
குகையின் மேற்கு வாசல்
அவன் மீசைக்கடியில் போயிற்று.

யாரும் எழுப்பவில்லை.
ஷிஜிலா மெதுவாகச் சொன்னாள்,
"விளக்கை ஏற்றுறேன்.
அவன் உறங்கட்டே, நான் காவல்."
விதியில் அதற்கு இடமில்லை.
உருட்டினாள். நாலு.
மங்கலாக எரியும் என்று தீர்ப்பு சொன்னேன்.

வெளியே ஹாரன் கேட்டதுபோல் இருந்தது.
போய்ப் பார்த்தால் மேடையில் ஒன்றுமில்லை.
பலகையில் மட்டும் சிவப்பாக
இருபது கிலோ.
சேறாக இருக்கும்.