வெசனம்

வண்டிக்கு இன்சூரன்ஸ் உண்டு.
கம்ப்ரசருக்குத் தனியாக உண்டு.
சாகர் பக்கம் ஏதோ பாறையில்
ஹேமர் மாட்டி உடைந்தபோது
மூன்றே வாரத்தில் காசு வந்துவிட்டதாம்.
போனில் முதலாளி சொன்னார்,
எனக்கு ஆறுதல் சொல்கிற குரலில்.

பூபதி வந்து இறங்கியது வைகாசிக் கடைசி.
காதுமடலில் பதினோரு மாதத் தூசி.
பையனுக்கு வாங்கி வந்த சட்டை
ரெண்டு வயசு சின்னது.
குளித்தார். போட்டதைச் சாப்பிட்டார்.
வெடியால மூணு மணிக்கு வாசப்படியில் உட்கார்ந்து
மேல்டேங்கில் தண்ணி விழுகிற சத்தத்தைக்
கேட்டுக்கொண்டே இருந்தார்.
ஒரு பழமை இல்லை.
எதைக் கேட்டாலும்
ஆயிரம் அடி போயும் ஈரம் காட்டாத குழி மாதிரி
புகைதான்.

காத்துக் கருப்பு என்றது ஒறம்பரை.
அதற்கும் செலவுண்டு. ரசீது கிடையாது.

மல்லசமுத்திரத்திலிருந்து ரெண்டு பஸ் மாறினால் பெரியாஸ்பத்திரி.
மனசுக்குச் செவ்வாய்க்கிழமை மட்டும்.
முதல் செவ்வாய், டாக்டர் முகாமுக்குப் போய்விட்டார்.
ரெண்டாம் செவ்வாய், செருப்பு மாட்டிக்கொண்டு
வாசலிலேயே நின்றார் பூபதி, பஸ் போகும் வரை.
மூணாம் செவ்வாய் டோக்கன் நூற்றுப் பதினேழு.
தஞ்சாவூர்ப் பக்கத்துப் பையன் டாக்டர்,
அவர் கண்ணே தூங்கி நாளாகியிருந்தது.
"என்னம்மா பண்ணுது இவருக்கு?"
"வெசனமுங்க சார்."
"விஷமா? எப்பக் குடிச்சார்?"
நர்ஸ் ஓடி வந்துவிட்டாள்.
இல்லைங்க, வெசனம்.
வருத்தம்னு எழுதிக்கலாமுங்க,
ஆனா வருத்தம்னா அழுகை வருமுங்களே.

பதினைந்து நாளுக்கு எழுதினார்.
மருந்துச் சன்னலில் ஏழு நாளுக்குத்தான் இருந்தது.

என் நங்கையாள் இருப்பது சரவணம்பட்டியில்.
அவள் கம்பெனியில் மனசு சரியில்லை என்றால்
கூப்பிட ஒரு நம்பர் இருக்கிறது.
வருசத்துக்கு ஆறு தடவை, காசில்லாமல், வீடியோவில்,
பேர்கூடச் சொல்ல வேண்டியதில்லை.
மாமியார் என்ற கணக்கில் எங்கம்மாவுக்கும் உண்டாம்.
நாத்தனார் புருசனுக்கு இல்லை.
கேட்டுப் பார்த்தாள், பாவம்.
அப்புறம், "இங்க கூட்டிட்டு வந்துரு" என்றாள்.

அவினாசி ரோட்டில் கண்ணாடிக் கட்டடம்.
காப்பீட்டு அட்டையைத் துடைத்து நீட்டினேன்.
நாலு பேரும் போட்டோவில் இருக்கிறோம்,
பூபதி மட்டும் சிரித்துக்கொண்டு.
"அட்மிசன் போட்டாத்தாங்க இதுல வரும்.
இருபத்தி நாலு மணி நேரமாச்சும் படுத்திருக்கோணும்."
"படுக்கவே மாட்டேங்கறாருங்க அம்மிணி.
அதுதானுங்களே சீக்கே."
அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை.
கம்ப்யூட்டரைத் தாண்டிக் குனிந்து,
"எங்கண்ணனுக்கும் வெசனந்தானுங்க்கா" என்றது,
பெருந்துறைப் பக்கத்துப் பேச்சு.
அப்புறம் நிமிர்ந்து, பழைய குரலில்,
"அடுத்த டோக்கன்."

தொள்ளாயிரம் கட்டினோம். இருபது நிமிசம்.
கதவில் ஒரு முழ அகலத்துக்குக் கண்ணாடி.
அவர் உதடு அசைந்ததைப் பார்த்தேன்.
மார்ச்சுக்குப் பிறகு
அத்தனை நேரம் அசைந்தது அன்றைக்குத்தான்.
என்ன பேசினீங்க என்று நான் கேட்கவில்லை.
தொள்ளாயிரம் கொடுத்து வாங்கிய பேச்சு,
அது அவருடையது.

திரும்புகிற பஸ், ஈரோடு தாண்டி
காவேரிப் பாலத்தில் ஏறியது.
சன்னல் கம்பியில் நெற்றியை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தவர்,
"எத்தனை அடி இருக்கும்?" என்றார்.
தொழில்காரன் கேட்கிற கேள்விதான்.
தொழில்காரன் கேட்கிற கேள்வியாகத்தான் இருக்கும்.
அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டேன்.
பள்ளிபாளையம் வந்தது, ஆள் இறங்கினார்கள், ஏறினார்கள்.
நான் விடவில்லை.

அடுத்த முறைக்கு இருபத்தெட்டு நாள் இருக்கிறது.