கால் டம்ளர்

கோரமங்கலாவில், பிரியாணிக் கடைக்கு மேலே இரண்டாம் மாடி.
கூப்பன் என்னுடையதல்ல, இம்மாகுலேட்டுடையது.
அவளுக்கு அம்மை போட்டுவிட்டது,
கூப்பனுக்கோ முப்பத்தொன்றாம் தேதியோடு ஆயுசு முடிகிறது.
"வீணாப் போறதுக்கு நீ போயேன்" என்றாள் போனில்.
வீணாய்ப் போவதற்குத்தான் போனேன்.

தோட்டைக் கழற்றினேன்.
மூக்குத்தி வரவில்லை.
பதினாறு வருடத்துச் சோப்பு திருகில் இறுகிக் கிடந்தது.
"இருக்கட்டும், சுத்திப் போயிடறேன்" என்றாள் ரின்புயி.
ஐசாலிலிருந்து வந்து நான்கு வருடம்.
இங்கேயே பிறந்த என்னைவிட
அவள் கன்னடத்தில் தூசி குறைவு.

என் வேலையும் முகம்தான்.
பாஸ்போர்ட் அலுவலகம், பன்னிரண்டாம் கவுண்டர்.
கண்ணாடியைக் கழற்றுங்கள், காது தெரியட்டும்,
பல் தெரிய வேண்டாம்.
கிளிக்.
ஒரு முகத்தோடு ஒரு நிமிடம் கூடுதலாக நின்றால்
வரிசை கனைக்கும்.

இங்கே என் ஒரு முகத்துக்கு ஐம்பது நிமிடம்.
இவ்வளவு நேரம் யாரும் அதைத் தொட்டதில்லை.
படுத்தபடியே கணக்குப் போட்டேன்.
காய்ச்சலுக்கு நெற்றியில் புறங்கை.
நலங்கன்று வரிசையாக வந்து
ஆளுக்கொரு தீற்றுச் சந்தனம்.
ஒரு முறை அறை விழுந்தது.
அதைச் சேர்ப்பதா விடுவதா தெரியவில்லை,
கூட்டலை அங்கேயே நிறுத்திவிட்டேன்.

ஏதோ அமிலம் தடவினாள். பழத்திலிருந்து வருவதாம்.
"எரியும். பத்துக்கு எவ்வளவுன்னு சொல்லுங்க."
மூன்று என்றேன்.
ஐந்து இருக்கும்.
அவள் ஒன்றும் சொல்லாமல்
சின்ன விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தாள்.
வருகிறவர்கள் எல்லாரும்
இரண்டைக் குறைத்துத்தான் சொல்வார்கள் போல.

பிறகு பேனா மாதிரி ஒரு குழாய்.
தண்ணீரைப் பீய்ச்சிய கையோடு உறிஞ்சியும் கொள்கிறது.
கன்னத்தில் பூனை நாக்கு.
மூக்கோரம் வந்ததும்
பல்லி உச்சுக்கொட்டத் தொடங்கிவிட்டது.
ச்சு. ச்சு. ச்சு.
முகத்தில் பல்லி விழுந்தால்
உறவினரைக் காண்பாய் என்று போட்டிருக்கும்
எங்கள் வீட்டுக் காலண்டரின் பின்பக்கம்.
கண்ணில் ஈரப்பஞ்சு.
யாரைக் காண்பது?

முடிந்ததும் ஒரு பாட்டிலை விளக்குக்கு நேரே பிடித்தாள்.
"பாக்கறீங்களா? சில பேர் வேண்டாம்னுடுவாங்க."

கால் டம்ளர் இருக்கும்.
அரிசி களைந்த முதல் தண்ணீரின் நிறம்,
அடியில் மிளகுத்தூள் மாதிரி ஏதோ தங்கி.
சில்க் போர்டு சிக்னலில் நான் நின்ற நேரமெல்லாம்
அதில் கொஞ்சம் கரைந்திருக்க வேண்டும்.
மெட்ரோத் தூணின் சிமெண்டும்.
அது போகட்டும், ஊருடையது.
மற்றது என் தோல்.
காலையில் இதற்குத்தான் பவுடர் போட்டேன்.
இதைப் பார்த்துத்தான் காவலாளி
வணக்கம் மேடம் என்றார்.

"எங்க கொட்டுவீங்க?"
இப்படி யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது.
தாடையால் சிங்கைக் காட்டினாள்.
சரிதான்.
சாக்கடை வழியே பெள்ளந்தூர் ஏரிக்குப் போய்
அங்குள்ள நுரையில் ஒரு குமிழாகும்.
எட்டிப் பார்க்கிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள்.

போட்டோ எடுக்க வேண்டுமாம், முன்பும் பின்பும்.
"சிரிங்க" என்றாள்.
உதடு தானாக மூடிக்கொண்டது.
"சும்மா சிரிங்க அக்கா, இதென்ன பாஸ்போர்ட்டா?"
அதற்குச் சிரித்தேன், ஆனால்
அவள் அழுத்தி முடித்திருந்தாள்.

இரண்டு நாள் வெயில் ஆகாது. மஞ்சள் ஆகாது.
துப்பட்டாவை முக்காடிட்டு ஆட்டோவில் ஏறி
ஓட்டுநரின் கண்ணாடியில் திருட்டுத்தனமாகப் பார்த்தேன்.
உரித்த வெங்காயம் மாதிரி ஒருத்தி.
மூக்குத்தியைச் சுற்றி மட்டும்
கடுகளவு கருப்பு வளையம்.
அங்கே அவள் சுற்றிப் போயிருந்தாள்.
விரலால் தொட்டுப் பார்த்தேன்.
பழைய சொரசொரப்பு, அப்படியே.

அடையாறு ஆனந்த பவன் திருப்பத்தில் இம்மாகுலேட் அழைத்தாள்,
அரிப்பும் ஆர்வமும் கலந்த குரல்.
"எப்பிடி இருந்துச்சுடி? எரிஞ்சுதா?"

மூணு, என்றேன்.